வான்கோழி தேடிப் போன காட்டில் கேட்ட கேள்வி



"நீ யாரு? எந்த ஊரு? இங்க என்ன வேலை?" இந்தக் கேள்விகள் நம்மில் பலருக்குப் புதிதல்ல. ஊர்த்தெருவில் சைக்கிளில் போகும்போதும் குளக்கரையில் நிற்கும்போதும் நம்மை நோக்கி வந்த கேள்விகள்தான். இதையே சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவில், ஒரு பெருங்காட்டின் ஓரத்தில், எழுபது வயதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர் ஒருவரைப் பார்த்துக் கேட்டார்கள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

ஒரு கருத்தரங்குக்காக தென் கரோலினா மாநிலத்தின் சார்லஸ்டன் நகருக்குப் போயிருந்தேன். ஏப்ரல் மாதம். அங்கே நண்பரான ஒருவரின் மாமா, ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறேன், வருகிறாயா என்று கேட்டார். எனக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. வேடிக்கை பார்க்கவாவது போகலாமே என்று கிளம்பினேன்.

நகரத்துக்கு வடக்கே பிரான்சிஸ் மரியன் தேசியக் காடு இருக்கிறது. சுமார் இரண்டரை லட்சம் ஏக்கர். 1936-இல் அரசு இதைத் தேசியக் காடாக்கியது. இவ்வளவு பெரிய காட்டில் ஒரு பறவையை எங்கே போய்த் தேடுவது? பெரியவர் முதலில் வரைபடத்தை விரித்தார்.

"முழுக் காட்டையும் பார்க்காதே. முக்கால்வாசியை முதலில் தள்ளிவிடு" என்றார். இங்கே பைன் மரங்களுக்கு அடியில் வளரும் புதரை வனத்துறையே திட்டமிட்டு எரிக்கிறது. எரிந்த இடத்தில் சில வாரங்களில் இளந்தளிர் முளைக்கும், பூச்சிகள் வரும். வான்கோழி அங்கே மேய வரும். ஆனால் இரவில் தூங்க அதற்கு உயரமான மரம் வேண்டும். முடிந்தால் கீழே தண்ணீர் நிற்கிற சதுப்பு மரம். எரிந்த நிலமும் சதுப்பும் எங்கே பக்கத்தில் பக்கத்தில் வருகின்றனவோ, அந்த இடத்தில்தான் கால் வைக்க வேண்டும்.

அடுத்தது தடயம். சருகுகள் கிளறிப் போடப்பட்டிருந்தால் கோழி மேய்ந்திருக்கிறது. மணல் பாதையில் மூவிரல் தடம். மண்குளியல் போட்ட சின்னப் பள்ளம். எச்சத்தைப் பார்த்தே சேவலா பெட்டையா என்று சொல்லிவிட்டார். சேவலுடையது நீளமாக, நுனி வளைந்து தூண்டில் முள் மாதிரி இருக்கும். பெட்டையுடையது சுருண்டு உருண்டையாகக் கிடக்கும். வசந்த காலத்தில் சேவலைத்தான் சுட வேண்டும், பெட்டையைத் தொடக்கூடாது.

அந்தி சாயும்போது கையைக் குவித்து ஆந்தை மாதிரி கூவினார். தூரத்துச் சதுப்பிலிருந்து ஒரு சேவல் கடகடவென்று கத்தியது. ஆந்தைச் சத்தம் கேட்டால் அடங்கியிருக்கத் தெரியாதாம் அதற்கு. எந்த மரத்தில் அடைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நாங்கள் சத்தமில்லாமல் திரும்பிவிட்டோம். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, அந்த மரத்திலிருந்து இருநூறு அடிகளுக்கு மேல் தள்ளி, அகலமான மரமொன்றில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். வான்கோழிக்கு மோப்பம் கிடையாது என்றே சொல்லலாம். ஆனால் கண் பயங்கரக் கூர்மை, நிறமும் தெரியும். அதனால் தலையிலிருந்து கால்வரை இலைதழை அச்சிட்ட உடை. கையுறை. முகத்துக்கும் துணி, கண் மட்டும் தெரியும்.

மறுநாள் விடிகாலை அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பழைய மண்வரப்பு நீளமாகப் போனது. நெல்வயல் வரப்பு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சதுப்பை வெட்டி, கரை கட்டி, இந்தக் கடலோரத்தில் நெல் விளைவித்தார்கள். காட்டுக்குப் பெயர் கொடுத்த பிரான்சிஸ் மரியன் அமெரிக்க விடுதலைப் போர் வீரர். அடிமைகளை வைத்திருந்த பண்ணையாரும்கூட. வரப்பு வெட்டியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் என் கண்ணில் படவில்லை.

சேவல் மரத்திலிருந்து இறங்கியது. பெரியவர் பலகைக் கல்லில் குச்சியைத் தேய்த்துப் பெட்டையின் குரலை எழுப்பினார். சேவல் பதில் கொடுத்தது, நெருங்கியது. அதற்குள் நிஜப் பெட்டைகள் இரண்டு குறுக்கே வர, அவற்றின் பின்னாலேயே போய்விட்டது. பெரியவர் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

திரும்பும்போதுதான் கவனித்தேன். சாலை தெரிவதற்கு வெகுதூரம் முன்பே நின்றுவிட்டார். முகத்துணியைக் கழற்றினார். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்தார். உரிமத்தைப் பையிலிருந்து எடுத்துச் சட்டைப் பாக்கெட்டில் வெளியே தெரிகிற மாதிரி வைத்தார். "முகத்தை மூடிக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு ஒரு கறுப்பன் காட்டிலிருந்து வெளியே வந்தால் என்ன ஆகும் தம்பி?" என்றார். வான்கோழியைப் பிடிக்க மறைந்திருக்க வேண்டும். உயிரோடு வீடு திரும்ப எல்லாரும் பார்க்கிற மாதிரி வர வேண்டும்.

சாலையில் ஒரு வண்டி மெதுவாகி நின்றது. உள்ளே வெள்ளையர் இருவர், அவர்களும் வேட்டை உடையில்தான். "வழி தவறி வந்துட்டீங்களா? இங்க வேட்டையாட உங்களுக்கு அனுமதி இருக்கா?" பெரியவர் பாக்கெட்டைத் தொட்டுக் காட்டி, "இது பொதுக்காடுதானே ஐயா" என்றார். அவர்களுடைய உரிமத்தை யாரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். அடிமை முறை ஒழிந்த 1865-இல், சார்லஸ்டனுக்குத் தெற்கே உள்ள கடலோர நிலங்களை விடுதலையானவர்களுக்குக் கொடுக்க ஜெனரல் ஷெர்மன் ஜனவரியில் ஆணையிட்டார். அதே ஆண்டிலேயே அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்து செய்து, நிலத்தைப் பழைய பண்ணையார்களிடமே கொடுக்க வைத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் தென் கரோலினா ஒரு கறுப்பர் சட்டம் போட்டது. நீதிபதியின் எழுத்து அனுமதி இல்லாமல் கறுப்பர்கள் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது. சொந்தப் பண்ணை உள்ளவர் மட்டும் வேட்டைத் துப்பாக்கி ஒன்று வைத்துக்கொள்ளலாம். நிலத்தைப் பிடுங்கிவிட்டு, நிலம் உள்ளவனுக்கு உரிமை என்கிறார்கள். பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்த நமக்கு இந்தத் தந்திரம் புரியாதா?

இன்னொன்றும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காட்டு வான்கோழி அழியும் நிலைக்கு வந்துவிட்டது. 1937-இல் வந்த ஒரு சட்டம் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் 11 சதவீத வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. 1951-இல் இதே பிரான்சிஸ் மரியன் காட்டில்தான் பீரங்கிபோல் வலையை வீசி வான்கோழிகளை உயிரோடு பிடித்தார்கள். அந்த முறையில் பிடித்த பறவைகளை வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று நாடு முழுக்கப் பல லட்சம் இருக்கின்றன. அந்த வரியைப் பெரியவரும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கட்டியிருக்கிறார். பறவையைத் திரும்பக் கொண்டுவர அவர் காசு போதும். பறவையைப் பார்க்கப் போக அவர் முகம் போதவில்லை.

மகாடு குளம் நினைவுக்கு வருகிறது. பொதுக் குளங்கள் எல்லாருக்கும் திறந்தவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923-லேயே தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் குளம் நம்முடையதுதான். ஆனால் 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய்க் கையால் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. குடித்துவிட்டுத் திரும்பியவர்களை அடித்தார்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் 'பொது' என்று பதிவேட்டில் உள்ள இடங்களைப் பட்டியல் எடுங்கள். குளம், மேய்ச்சல் புறம்போக்கு, சுடுகாட்டுப் பாதை, விளையாட்டுத் திடல். ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதுங்கள்: நம் ஆட்கள் அங்கே போவதற்கு முன் எதைக் கழற்ற வேண்டியிருக்கிறது? செருப்பையா, தோளில் கிடக்கும் துண்டையா, சட்டையில் இருக்கும் படத்தையா? அந்தப் பட்டியலோடு வாருங்கள், பேசுவோம்.

பெரியவர் மறுநாளும் அதே மரத்தடிக்குப் போனார். அதே இடத்தில் முகத்துணியைக் கழற்றியிருப்பார்.

ஜெய் பீம்.