முல்லையின் செவிகள்

ஆவணி 12

அடுக்களையில் எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று கை நழுவித் தரையில் விழுந்து, கொல்லைச் சுவரில் இருந்த காகங்களெல்லாம் ஏககாலத்தில் எழும்பிப் பறக்கும்படியாகச் சப்தமிட்டுக்கொண்டு உருண்டோடியபோது, அதற்கு வெகு சமீபத்தில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் வெள்ளைப் பூனை முல்லையின் காது மடல் மயிரிழையளவும் அசையவில்லை. வீட்டின் பழைய வாசியான வரிப்பூனையோ உறக்கத்திலேயே காதைத் திருப்பி, பிறகு கண்ணையும் திறந்து, அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. மாலையில் கால்நடை வைத்தியர் முல்லைக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்தார். கை தட்டிப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை என்றும், கையால் எழும் காற்று மீசையில் பட்டுப் பூனை திரும்பிவிடும் என்றும் சொன்னார். இது பிறவியிலேயே வந்த செவிடு என்பது அவருடைய அபிப்பிராயம்.

ஆவணி 16

“கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கமாட்டேங்குதே தம்பி, அவ்வளவு திமிரா? இல்ல போன ஜென்மத்துப் பாவமா?” என்று எதிர்வீட்டுப் பாட்டி கேட்டார்கள். திமிரும் இல்லை, பாவமும் இல்லை. இது கர்ப்பத்திலேயே நிகழ்ந்துவிடும் ஒரு சிறு விஷயத்தின் பலன்.

ரோமத்துக்கும் கண்ணுக்கும் வர்ணம் தரும் உயிரணுக்கள், கரு வளரும் காலத்தில் முதுகுப்புறத்திலிருந்து புறப்பட்டுத் தேகமெங்கும் பரவ வேண்டியவை. சில பூனைகளின் வம்சத்தில், ‘கிட்’ என்னும் மரபணுவுக்குள் புராதன வைரஸ் ஒன்றின் துணுக்கு புகுந்துகொண்டிருப்பதால் இந்தப் பிரயாணம் தடைப்பட்டுப்போகிறது என்று 2014இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அந்த அணுக்கள் தோலைச் சென்று சேராவிட்டால் ரோமம் வெளுக்கும். கண்ணைச் சேராவிட்டால் விழி நீலமாகும். உட்செவியைச் சேராவிட்டால், அங்கே நத்தை ஓட்டைப்போல் சுருண்டிருக்கும் குழலுக்குள் மின்னழுத்தத்தைக் காத்து நிற்கும் மெல்லிய திசு நலிந்து, பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே கேட்கும் அணுக்கள் மடிந்துபோகும். நீலக்கண் கொண்ட பூனைகளின் செவிட்டுத்தன்மையை 1859இலேயே தமது நூலில் குறிப்பிட்ட டார்வின், அது தவறாமல் நிகழ்வது என்று கருதினார். ஆனால் பிற்காலத்துக் கணக்குகள் வேறுவிதமாகச் சொல்கின்றன: இரு கண்களும் நீலமாயுள்ள வெள்ளைப் பூனைகளில் 65 முதல் 85 சதவீதமும், ஒரு கண் மட்டும் நீலமானவற்றில் சுமார் 40 சதவீதமும், நீலமே இல்லாதவற்றில் ஏறத்தாழ 20 சதவீதமும் செவிடாக இருக்கின்றன. சயாமியப் பூனைக்கு நீலக்கண் இருந்தும் காது நன்றாகக் கேட்பதன் காரணம், அதன் வர்ணத்தை நிர்ணயிக்கும் மரபணு வேறு என்பதே.

புரட்டாசி 9

காது கேளாத ஜீவனுடன் வாழ்வதற்கு முதல் விதி, அதன் பார்வையில் படாமல் அதைத் தொடக்கூடாது என்பது. முல்லைக்கு ஊஞ்சற்பலகையில் தூங்குவதில் பிரியம் அதிகம். எழுப்பவேண்டுமானால் பலகையின் மறுகோடியை விரலால் லேசாக அழுத்துகிறேன். அந்த அசைவு முதலில் அதன் பாதங்களுக்கும் பிறகு மீசைக்கும் எட்டி, கண் மெல்லத் திறந்து என் முகத்தைக் கண்டுகொண்ட பின்புதான் கையை நீட்டுகிறேன். முன்னறிவிப்பில்லாத ஸ்பரிசம் எந்தச் சாதுவான பிராணியையும் பதறிக் கடிக்கச் செய்யும். இரவில் சாப்பாட்டுக்கு அழைக்க, கூடத்து விளக்கை இருமுறை அணைத்து ஏற்றினால் போதும், மாடியிலிருந்து ஓடிவந்துவிடுகிறது. தன் குரலைத் தானே கேட்காததனால் தெருக்கோடி வரையில் எட்டும்படியாகக் கத்துகிறது. அதை அதட்டி அடக்க நினைப்பது அநியாயம்.

ஐப்பசி, தீபாவளி

விடியற்காலையிலிருந்து வெடி. வரிப்பூனை அலமாரிக்கு அடியை விட்டு வெளிவரவில்லை. முல்லை ஜன்னல் விளிம்பில் அமர்ந்து, வீதியில் சிறுவர்கள் சுழற்றும் மத்தாப்பின் பொறிகளைத் தலையசைத்துத் தொடர்ந்துகொண்டிருந்தது. பெரிய அணுகுண்டு வெடித்து நிலம் அதிர்ந்தபோது மாத்திரம் குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டது. கனடாவில் ஸ்டீபன் லோம்பர் என்பவரும் அவருடைய சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சி நினைவுக்கு வந்தது. பிறவியிலேயே செவிடான பூனைகள், பார்வையின் ஓரத்தில் தோன்றும் பொருளையும் மிக மந்தமான அசைவையும் மற்றப் பூனைகளைக் காட்டிலும் நன்றாகக் கண்டுகொள்கின்றன. மூளையில் கேட்பதற்கென்று அமைந்த பகுதியைச் சிறிது நேரம் குளிர்வித்துச் செயலற்றதாக்கினால் அந்தச் சாமர்த்தியம் மறைந்துவிடுகிறது. சப்தம் வந்து சேராத இடத்தை இயற்கை தரிசாகப் போட்டுவைக்கவில்லை, பார்வைக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறது என்பதை இன்று ஜன்னலோரத்தில் பிரத்யட்சமாகக் கண்டேன்.

கார்த்திகை 5

முல்லையின் வாழ்க்கையில் குறை என்று நான் காண்பது அதன் காதில் இல்லை, நம்முடைய வீதியில் இருக்கிறது. ஹாரன் ஒலியையும் நாயின் குரைப்பையும் நம்பி ஒதுங்குகிறவர்களுக்காகவே அமைந்த வீதியில், அவை கேட்காத ஜீவனுக்கு ஒரு கணமும் பாதுகாப்பில்லை. ஆகையால் முற்றத்துக்குக் கம்பிவலை அடித்தாயிற்று. வெள்ளைப் பூனைகளின் காது நுனியில் கடும் வெயிலால் புற்றுநோய் உண்டாவதும் உண்டாதலால், நடுப்பகலில் அதை நிழலிலேயே வைத்துக்கொள்கிறோம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் வெள்ளைக் குட்டி ஒன்று அழைத்தும் திரும்பாவிட்டால், அதை முரடென்றும் அபசகுனமென்றும் எண்ணித் தெருவில் விட்டுவிடாதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள், வீட்டுக்குள்ளேயே வளருங்கள், அழகுக்காக வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்துக் குட்டி எடுக்காமல் கருத்தடை செய்துவிடுங்கள். அந்தக் குட்டிக்கு வேண்டியது தனி வைத்தியமன்று. தொடுமுன் அதன் கண்ணெதிரில் வந்து நிற்கும் ஒரு சிறு மரியாதை போதும்.