கண்ணால் படிக்கும் பிள்ளை



அன்னதானத்துக்கும் சிரமதானத்துக்கும் கோயிலுக்கு வரும் பெற்றோர் சிலர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதுண்டு. "அண்ணே, உங்க சின்ன மகளுக்கு என்ன செஞ்சீங்க? எங்க பையனுக்கும் எழுத்தே ஏற மாட்டேங்குது." ஒவ்வொருவருக்கும் நின்றபடி அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே தடவை எழுதிப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தோம். எங்களுக்கு எஸ்பிஎம் வரைதான் படிப்பு. டாக்டரும் இல்லை, வாத்தியாரும் இல்லை. தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை, லீவு நாளில் கோயில் வேலை, அவ்வளவுதான். பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துப் படியுங்கள்.

எங்கள் கடைக்குட்டிக்கு இப்போது 14 வயது. தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்தே அவளுக்கு எழுத்து ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வாள். அதையே புத்தகத்தில் காட்டினால் முகம் வாடிவிடும். 'ந'வும் 'த'வும் ஒன்றாகத் தெரியும், மலாயில் 'பி'யும் 'டி'யும் திரும்பிக்கொள்ளும். நம் பிள்ளைகளுக்குச் சுமை கொஞ்சமா? ஏழு வயதில் தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றும் ஒரே நேரத்தில் வருகிறது. தமிழில் மட்டும் 247 எழுத்து.

இன்னொரு சங்கதியும் பிறகுதான் விளங்கியது. 'கெ' என்று சொல்லும்போது க் முதலில், எ பிறகு. எழுதும்போது கொம்பு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். நமக்குப் பழகிவிட்டது. எழுத்தைப் பிடிக்கவே தடுமாறும் பிள்ளைக்குக் காது கேட்கும் வரிசையும் கண் பார்க்கும் வரிசையும் வேறு வேறாக இருந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

வகுப்பில் ஒருவர் அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, "இவ சும்மா இருந்தா போதும்" என்று சொன்னதும் உண்டு. யார், எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். நல்ல ஆசிரியர்களையும் நாங்கள் நிறைய பார்த்தோம்.

2020 மார்ச் 18 பிகேபி வந்தது. பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி மூடி, போனில் பாடம். அந்த மாதங்களில்தான் அவள் எப்படிப் படிக்கிறாள் என்பதை நாள் முழுக்கப் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. அவள் அம்மா வாசலில் புள்ளிக் கோலம் போடுவார். ஒரு தடவை பார்த்த கோலத்தை மறுநாள் இவள் பிசகாமல் போட்டாள். புள்ளியை வாயால் எண்ணவில்லை. "மனசுல படமா இருக்குப்பா, அதைப் பார்த்துப் போடறேன்" என்றாள்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டோம். வாய்ப்பாடு தலையில் நிற்காத பிள்ளைக்குக் கோலத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தார் அம்மா. 7 புள்ளி, 7 வரிசை, நேர்ப்புள்ளி வைத்தால் 49. அதுதான் ஏழேழு. இடைப்புள்ளி 7-லிருந்து 4 வரை என்றால் 4, 5, 6, 7, 6, 5, 4. கூட்டினால் 37. இதை அவளே கண்டுபிடித்து, பாதியைக் கூட்டி இரண்டால் பெருக்கி, நடுவரிசை ஏழைச் சேர்த்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காத குறுக்குவழி. கோலத்தில் கணக்கு இருப்பது நாங்கள் கற்பனையாகச் சொல்வதும் இல்லை. சென்னை தாம்பரத்தில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு சேர்ந்தவர்களும் 1974-லேயே கோலத்தின் அமைப்பைக் கணினிக் கணிதத்தோடு சேர்த்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நம் பாட்டிமார் வாசலில் போட்டதைத்தான்.

தொழிற்சாலைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தெரியாது. எங்கள் லைனில் நேபாளிகள், வங்காளதேசிகள், நம்மவர்கள், மலாய்க்காரர்கள் எல்லாரும் வேலை செய்கிறார்கள். ஒரே மொழி கிடையாது. அதனால் வேலை முறையைப் படமாக ஒட்டி வைத்திருக்கிறோம். முதல் படம், இரண்டாம் படம், சரியான பொருள் பச்சை, தப்பான பொருள் சிவப்பு. ஸ்பேனர் மாட்டும் பலகையில் ஸ்பேனரின் நிழல் உருவத்தையே வரைந்திருக்கும். எது இல்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மெஷின் நின்றால் மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு. படத்தைப் பார்த்து வேலை செய்கிறவனை யாரும் மக்கு என்று சொல்வதில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் அந்தப் பெயர்?

அதற்கும் முந்திய தலைமுறையைப் பாருங்கள். இந்தக் கெடாவில் நம் தாத்தா, அப்பாமார் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள். பாதிப்பேர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிய வேண்டும், பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி மரத்தில் பட்டால் மரம் கெட்டுப்போகும். எங்கள் அப்பா இதையெல்லாம் எந்தப் புத்தகத்தில் படித்தார்? "பாரு" என்று சொல்லி ஒரு மரம் வெட்டிக் காட்டினார்கள், அடுத்த மரத்தில் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மக்களுக்கு வள்ளி திருமணமும் ராமாயணமும் தெரிந்தது எப்படி? கூத்து பார்த்தார்கள், கோயில் சிற்பத்தைப் பார்த்தார்கள். அறுபத்து மூவர் சிலை வரிசை கண்ணால் படிக்கும் பாடம்தானே.

பள்ளி திறந்த பிறகு கிளினிக் கெசிஹாத்தானில் காட்டி, கடிதம் வாங்கி, அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பரிசோதனை எல்லாம் முடித்து டாக்டர் சொன்னது டிஸ்லெக்சியா. புத்திக் குறைவு இல்லை. எழுத்தையும் ஒலியையும் சேர்க்கும் இடத்தில் மூளை வேறு விதமாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். கண் கோளாறும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. 2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தில் அமீர் கான் காட்டிய பையனுக்கு இருந்ததும் இதுதான்.

அடுத்தது ஓகேயு கார்டு. வீட்டில் பெரிய போராட்டமே இங்கேதான். சொந்தக்காரர் ஒருவர் நேராகவே கேட்டார், "பொம்பளைப் பிள்ளைக்குக் கார்டு போட்டா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?" அவள் அம்மா இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. ஊர் பேசும், பள்ளியில் பெயர் வைப்பார்கள், பிள்ளை பெரியவளாகி எங்களைக் கேட்டால் என்ன சொல்வது என்று எல்லாப் பயமும் வந்தது. கடைசியில் நாங்கள் பிள்ளையிடமே எடுத்துச் சொன்னோம். அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "கார்டு இருந்தா பரீட்சையில கூட நேரம் குடுப்பாங்களா?" கொடுப்பார்கள் என்றோம். "அப்ப போடுங்க."

ஊர் என்ன சொல்லும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளை தனக்கு என்ன தேவை என்று பார்த்தாள்.

கார்டைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: 2008-ல் வந்த ஓகேயு சட்டத்தின்கீழ் ஜேகேஎம் பதிவு செய்கிறது. மொத்தம் ஏழு பிரிவு. டிஸ்லெக்சியா 'மசாலா பெம்பெலாஜாரான்' பிரிவில் வரும். டாக்டர் பாரத்தை நிரப்பித் தர வேண்டும், மாவட்ட ஜேகேஎம் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பதிவுக்குப் பணம் கிடையாது. சிறப்புக் கல்வியில் சேர்ந்த பிள்ளைக்கு மாதம் 150 ரிங்கிட் அலவன்ஸ் உண்டு. 2019-லிருந்து கல்வி அமைச்சு 'சீரோ ரிஜெக்ட்' கொள்கை வைத்திருக்கிறது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளை என்பதற்காக எந்த அரசுப் பள்ளியும் திருப்பி அனுப்பக்கூடாது. இடம் இல்லை என்று யாராவது சொன்னால் பிபிடி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், அது நம் உரிமை.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். படம் காட்டினால் மட்டும் வாசிப்பு வந்துவிடாது. இதை எங்களுக்குச் சொன்னது சிறப்புக் கல்வி டீச்சர் ஒருவர். "இவ கண்ணால படிக்கிற பிள்ளைன்னு எழுத்தை விட்டுடாதீங்க. படம் கதவைத் திறக்கும். உள்ள போறதுக்கு ஒலியும் எழுத்தும் ஒவ்வொன்னா, முறையா, தினமும் வேணும்" என்றார். அமெரிக்காவில் டாக்டர் சாமுவேல் ஆர்ட்டன், ஆசிரியை அன்னா கில்லிங்ஹம் என்ற இருவர் 1930களில் உருவாக்கிய முறையும் இதுவே என்றார். எழுத்தைப் பார்க்க வேண்டும், சத்தமாகச் சொல்ல வேண்டும், காதால் கேட்க வேண்டும், விரலால் எழுத வேண்டும், நான்கும் ஒரே நேரத்தில்.

கேட்டதும் அவள் அம்மா சிரித்துவிட்டார். விஜயதசமிக்கு நம் கோயிலில் வித்யாரம்பம் எப்படி நடக்கிறது? தட்டில் அரிசி பரப்பி, பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்து, வாயால் சொல்ல வைக்கிறோம். பழைய திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதியதும் அப்படித்தான். நாம் அதை வருடத்தில் ஒரு நாள் செய்கிறோம். எங்கள் பிள்ளைக்கு அது தினமும் தேவைப்பட்டது.

வீட்டில் நாங்கள் செய்ததைச் சொல்கிறோம். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஒன்று, அரிசித் தட்டு. தினமும் 15 நிமிடம், நான்கு எழுத்துக்கு மேல் இல்லை. சொல்லிக்கொண்டே எழுத வேண்டும்.

இரண்டு, வண்ணம். ஒற்றைக்கொம்பு சிவப்பு, இரட்டைக்கொம்பு நீலம், துணைக்கால் பச்சை. மெய் எழுத்து கறுப்பு. ஒரு வருடம் கழித்து வண்ணம் தேவைப்படவில்லை.

மூன்று, சுவரில் ஒரு படப்பலகை. காலையில் பல் விளக்குவதிலிருந்து பள்ளிப் பை அடுக்குவது வரை ஆறு படம். தொழிற்சாலையிலிருந்து நாங்கள் கொண்டுவந்தது இது. கத்தல் பாதியாகக் குறைந்தது.

நான்கு, நேரில் காட்டுவது. சரித்திரப் பாடம் ஏறவில்லை என்றதும் மெர்போக்குக்குக் கூட்டிப்போனோம். பூஜாங் பள்ளத்தாக்கு நமக்குப் பக்கத்தில்தானே. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டிப் பார்த்த கோயில்களில் ஒன்றான சண்டி புக்கிட் பத்து பஹாட் அங்கே மியூசியத்தில் இருக்கிறது. கருவறை எது, மண்டபம் எது, தூண் நின்ற கல் எது என்று அவள் நோட்டில் வரைந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை வைத்து ஒரு பக்கம் பேசினாள். பேசியதை அம்மா எழுதினார், எழுதியதை அவள் வாசித்தாள். தன் பேச்சு என்பதால் வாசிப்பு சுலபமாக வந்தது.

ஐந்து, கோயில். பூத்தொடுக்கவும் தோரணம் பின்னவும் இங்கே பெரியம்மாமார் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். யாரும் அவளை மார்க் கேட்கவில்லை. பிள்ளைக்குத் தான் கெட்டிக்காரி என்று தோன்ற ஒரு இடம் வேண்டும். அவளுக்கு அது இங்கே கிடைத்தது.

இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். வாசிப்பு மெதுவாகத்தான் வருகிறது, எழுத்துப்பிழை இன்னும் உண்டு. தேவார வகுப்பில் புத்தகத்தைப் பார்த்து ஒரு பதிகம் வாசிக்க மற்ற பிள்ளைகளைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆனால் வாசிக்கிறாள். அடுத்து என்ன என்பதில் எங்களுக்குள் பேச்சு நடக்கிறது. மெர்போக்கிலேயே சிறப்புக் கல்வி தொழிற்பயிற்சி இடைநிலைப்பள்ளி இருக்கிறது. இருக்கும் பள்ளியிலேயே எஸ்பிஎம் வரை போவதா, அங்கே போய்க் கைத்தொழில் பிடிப்பதா? அவள் அம்மாவுக்கு ஒரு எண்ணம், பிள்ளைக்கு ஒரு எண்ணம். இன்னும் முடிவாகவில்லை. அவள் விருப்பத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்வோம்.

தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த நம் குடும்பங்களுக்குப் படிப்பு ஒன்றுதான் ஏணி என்று சொல்லியே வளர்த்தார்கள். அது உண்மைதான். அதனால்தான் ஒரு பிள்ளை அந்த ஏணியில் தடுமாறினால் வீடே பதறுகிறது, அடி விழுகிறது, மறைக்கிறார்கள். பதறாதீர்கள். ஆறு, ஏழு வயதில் எழுத்து ஏறவில்லை என்றால் "போகப் போகச் சரியாகிடும்" என்று தள்ளிப்போடாமல் கிளினிக்கில் காட்டுங்கள். வகுப்பாசிரியரிடம் பெமுலிஹான் வகுப்பு பற்றிக் கேளுங்கள். பிரம்பை எடுக்காதீர்கள்.

உங்கள் பிள்ளையின் விஷயமாகப் பேச வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து நாங்கள் இருவரும் மடப்பள்ளிப் பக்கம் இருப்போம். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். கமெண்டில் பிள்ளையின் பெயரைப் போட வேண்டாம்.

எல்லாப் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும். முருகன் துணை.