தெருமுனையில இன்னொரு சிக்கன் கடை

எங்க தெருமுனையில இன்னொரு பொரிச்ச சிக்கன் கடை திறந்தாச்சு.
பக்கத்துலயே ஷவர்மா. எதிர்ல பரோட்டாக் கல்லு, எண்ணெய் மினுமினுன்னு.
கம்பங்கூழ் விக்கிற அக்காவத்தான் வண்டியோட அங்கயும் இங்கயும் விரட்டுறாங்க.

2008ல லாஸ் ஏஞ்சலஸ்ல, நகரத்தோட தெற்குப் பக்கம் புதுசா தனிக் கட்டட ஃபாஸ்ட் ஃபுட் கடைக்கே தடை போட்டாங்க.
அப்பவும் அங்க உடல் பருமன் குறையல. பழைய கடையெல்லாம் அப்படியேதானே இருந்துச்சு!

நம்ம நாட்டுலயும் 2020ல விதி வந்துச்சு. பள்ளிக்கூட வாசல்லேருந்து 50 மீட்டருக்குள்ள கொழுப்பு, உப்பு, சர்க்கரை தூக்கலான தீனி விக்கக்கூடாது.
51வது மீட்டர்ல சமோசாவோட நிக்கிறது அடியேன்தான் 😄

தடை கிடக்கட்டும். தெரு வியாபாரிக்கு இடம் ஒதுக்க 2014லயே சட்டம் இருக்கு. கூழ் வண்டிக்கு நிழலா ஓரிடம் குடுத்தா என்னவாம்?

உங்க ஊர்ல கூழ் எங்கப்பா கிடைக்குது?