நாற்பது என்றால் அறுபத்து நான்கு

கம்ப்யூட்டரின் மெமரிக்கு 'நினைவகம்' என்று பெயர் சூட்டியவர்கள் நம் கவிஞர்களுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டார்கள். மறதி, இழப்பு, பால்யம் என்று எதை வேண்டுமானாலும் அதில் கொட்டலாம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பழைய யந்திரங்களைத் திறந்து மூடிப் பிழைத்தவன் நான். எனக்கு இதில் சம்மதமில்லை. கணக்கு தங்குவது டிஸ்க்கில். மெமரி, கணக்குப் போடும்போது எதிரே வைத்துக்கொள்ளும் சிலேட்டு மட்டுமே. கரண்ட் போனால் அழிந்துவிடும்.

ஆனால் இந்தச் சிலேட்டு சோதிக்கப்பட்ட பிறகே வேலைக்கு வருகிறது. ஸ்விட்சைப் போட்டதும் யந்திரம் ஒவ்வொரு இடத்திலும் ஓர் எண்ணை எழுதி, திரும்ப வாசித்து, ஒப்பிடுகிறது. 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசி, தவறு கண்டால் '0440 201' என்பது போலத் திரையில் காட்டும். 201 என்றால் மெமரிக் கோளாறு. 04, இரண்டாவது வரிசை. 40, அந்த வரிசையின் ஒன்பது சில்லுகளில் எது என்பது. பதினாறை அடியாகக் கொண்ட கணக்கில் 40 என்பது நம்முடைய 64. ஆக, 64ஐச் சுமக்கிற சில்லு போய்விட்டது. முதல் வரிசையே கெட்டால் பெரும்பாலும் இவ்வளவு பேச்சும் கிடையாது. திரை இருண்டே கிடக்கும். பின்னால் வந்த ஏஎம்ஐ பயாஸ் அந்த நிலையில் மூன்று முறை பீப் அடித்தது.

இங்கே பாதி வியாதிக்குக் காரணம் பஞ்சுத் தூசி. மெமரி அட்டையைப் பிடுங்கி, பென்சில் ரப்பரால் அதன் விளிம்பைத் தேய்த்துச் செருகினால் போதும்.

ஒன்பதாவது சில்லு எந்த எண்ணையும் சுமப்பதில்லை. மற்ற எட்டும் சொல்வது கூடிவருகிறதா என்று பார்ப்பதுதான் அதன் ஜோலி. 1990களில் விலையைக் குறைக்க அதை எடுத்துவிட்டார்கள். ஸ்விட்ச் போட்ட நேரத்தில் ஒழுங்காயிருந்து, மதியச் சூட்டில் கெடுகிற சில்லைக் காட்டிக்கொடுக்க அதன் பிறகு ஆளில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை, கூலிப் பட்டியலில் ஒரு கைமடிப் பெண்ணின் 464 ரூபாய் 400 ஆயிற்று. 256, 128, 64, 16 சேர்ந்தால் 464. நடுவில் 64 விழுந்தால் மீதி முழுசான 400. பார்வைக்கு 464ஐவிட யோக்கியமான எண். அவளிடம் ஷிப்டுக்கு ஒரு கோடாகப் போட்ட சின்ன நோட்டு இருந்தது. "கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாதும்மா" என்றார் சூப்பர்வைசர்.

செவ்வாய்க்கிழமை மெமரி அட்டையை மாற்றினேன். அந்த 64 ரூபாயை எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது என்று கணக்குப்பிள்ளை என்னிடம் கேட்டார்.