துப்பாக்கி முனையில் ஒரு டார்ச்!

ரைஃபிளில் எதுக்குங்க டார்ச்? சுடுவதற்காக என்று நினைத்தால் பாதிதான் சரி. பல நேரம் அது சுடாமல் இருப்பதற்காக! அமெரிக்காவில் ராத்திரி சத்தம் கேட்டு, திருடன் என்று நினைத்து சொந்தப் பிள்ளையையே சுட்டுவிட்ட சம்பவங்கள் பலமுறை செய்தியில் வந்திருக்கின்றன. இருட்டில் நிற்பது யார் என்று தெரிய வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, கடைக்குப் போவோம். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது "1000 லூமன்". லூமன் என்பது விளக்கு கொட்டும் மொத்த வெளிச்சம். கேண்டெலா என்பது நடுக்கற்றையின் கூர்மை. விற்றுமுதலும் லாபமும் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன் :-)

தூரத்தை எட்டுவது கேண்டெலாதான். 2009இல் வந்த ஆன்சி எஃப்.எல்.1 தர அளவின்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்தான் 'எட்டும் தூரம்'. 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். அதை 400 ஆக்க 20,000 போதாது, 40,000 வேண்டும். அதுவும் 0.25 லக்ஸ் என்பது கிட்டத்தட்ட பௌர்ணமி வெளிச்சம். அதில் உருவம் தெரியும், முகம் தெரியாது! வீட்டுக்குள் மட்டும் என்றால் பரந்த வெளிச்சம் போதும். டெக்சாஸ் பண்ணையில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவருக்குக் கூர்மை வேண்டும்.

அடுத்தது பேட்டரி. சி.ஆர்.123ஏ லித்தியம் பேட்டரி வருஷக்கணக்கில் சும்மா கிடந்தாலும் பெரிதாகச் சக்தி இழக்காது, ஆனால் தீர்ந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். 18650 திரும்பத் திரும்ப சார்ஜ் ஏறும். அடிக்கடி எரிப்பவருக்கு இதுதான் சிக்கனம்.

இப்போது ரிமோட் சுவிட்ச். யானை வாங்கியவர் அங்குசத்துக்கு அழும் இடம் இதுதான். ஸ்யூர்ஃபயர் ஸ்கவுட்டில் பொதுவாக இதைத் தனியாக வாங்க வேண்டும். ஸ்ட்ரீம்லைட் புரோடாக் ரயில் மவுண்டில் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். விலையை ஒப்பிடும்போது இதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

டார்ச்சை எந்தப் பக்கம் மாட்டினாலும், சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரல்தான் சொல்லும். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடி ரைஃபிளை வழக்கம்போல் பிடித்தால் முன்கையின் கட்டைவிரல் விழுகிற இடம் எதுவோ, அதுதான். ஒயர் தொங்கக் கூடாது. எதிலாவது சிக்கும், அறுந்தும் போகும். அழுத்தினால் எரிந்து, விட்டால் அணைகிற வகையே நல்லது. ஒயர் கைவிட்டாலும் எரிய, பின்மூடியிலும் ஒரு பட்டன் இருக்கிற மாடல் இன்னும் நல்லது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரைஃபிளில் மாட்டிய டார்ச் எதைப் பார்க்கிறதோ, குழலும் அதையேதான் பார்க்கிறது. பாத்ரூமுக்கு எழுந்த குழந்தையை அந்த வெளிச்சத்தில் தேடக் கூடாது. தேடுவதற்குக் கையில் இன்னொரு சாதா டார்ச் கட்டாயம் வேண்டும். பட்ஜெட்டில் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.