ஐந்து பேர், ஐந்து முகம்

மாசி 9, ஞாயிறு

சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் காலைப் பூசை மணி ஓயுமுன்பே, நான் எழுதும் கதைக்குப் படம் வரையும் தம்பி படியேறி வந்துவிட்டார். கொழும்பு ஜிந்துப்பிட்டிச் சந்தில் இந்த மாடியறைதான் ஆறு மாதத்துக்கு எங்கள் பட்டறை. கையில் சுருட்டி வைத்திருந்த தாளை மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் தேநீர்க் கோப்பைகளை வைத்தார். கடல். இரண்டு பாய்மரம். அணியத்தில் ஐந்து ஆட்கள். கப்பல் நன்றாக வந்திருந்தது. ஆட்கள் ஐவருக்கும் ஒரே முகம்.

"இப்போதைக்கு அடையாளத்துக்குத்தான் அக்கா. அப்புறம் மாத்திக்கலாம்" என்றார்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கதையை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன்! யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தில் கட்டிய 89 அடி நீளப் பாய்க்கப்பல், பெயர் அன்னபூரணி அம்மாள். அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் அதை விலைக்கு வாங்கினார். 1937இல் வல்வெட்டித்துறையை விட்டுப் புறப்பட்ட கப்பல், சூயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், கிப்ரால்டர், பெர்முடா என்று போய், 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் நங்கூரமிட்டது. அதில் மாலுமிகளாகப் போனவர்கள் வல்வெட்டித்துறைத் தமிழர் ஐவர்.

'ஐவர்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். வரைகிறவருக்கு அந்த வசதி இல்லை. மூக்கு எப்படி, தலைமயிர் எப்படி, வேட்டியை எப்படி மடித்துக் கட்டியிருந்தார், கயிற்றை எந்தக் கையால் பிடித்தார் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். எழுத்தில் இத்தனை காலம் நான் தட்டிக் கழித்ததைத் தம்பியின் ஒரு தாள் கேட்டுவிட்டது.

மாலையில் ஐந்து பெயரையும் பெரிதாக எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன். மாலுமிகளின் தலைவரான தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. சின்னத்தம்பி சிதம்பரப்பிள்ளை. தாமோதரம்பிள்ளை சபாரத்தினம். பூரணவேலுப்பிள்ளை சுப்பிரமணியம். ஐயாத்துரை இரத்தினசாமி.

மாசி 16, ஞாயிறு

மொட்டைமாடியில் நின்றால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிகின்றன. ஜிந்துப்பிட்டி என்ற பெயர் புனித தோமாவின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். எனக்கு இந்த மேடு முதலில் துறைமுகத்தின் மேடு. இதன் வாழ்வு அங்கிருந்து வந்தது. தம்பியின் பாட்டனார் துறைமுகத்தில் நாட்டாமை. ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் நாட்டாமை அல்ல. கொழும்பில் அந்தச் சொல்லுக்கு மூட்டை சுமப்பவர் என்று பொருள். 1885இல் தென்மேற்கு அலைதாங்கி கட்டி முடிந்தபின் உலகத்துக் கப்பலெல்லாம் இங்கே வந்தது. அந்த நீராவிக் கப்பல்களுக்கு நடுவே வடக்கிலிருந்து பாய்விரித்த தோணிகளும் வந்து நின்றன. பாட்டனார் சாக்குச் சாக்காக இறக்கியதில் தோணிச் சரக்கும் இருந்ததாம்.

"எங்க தாத்தா இந்த ஆளுங்களைப் பார்த்திருப்பாரா அக்கா?"

இந்தக் கேள்விக்குப் பிறகு தம்பியின் கோடு மாறியதைக் கண்டேன். அதுவரை அது யாழ்ப்பாணத்துக் கதை. இப்போது அவர் வீட்டுக் கதையும்தான்.

மாசி 23, ஞாயிறு

எங்கள் புத்தகத்தை என்னவென்று சொல்வது என்ற பேச்சு வந்தது. நண்பர்கள் 'கிராபிக் நாவல்' என்கிறார்கள். எனக்குச் 'சித்திரக்கதை'யே போதும். தம்பி வளர்ந்தது சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸிலும் லயன் காமிக்ஸிலும். இரும்புக்கை மாயாவியைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். நான் வளர்ந்தது சிரித்திரன் இதழில். சிவஞானசுந்தரத்தின் சவாரித்தம்பரையும் சின்னக்குட்டியையும் பார்த்துத்தான், நம்முடைய நடையையும் நம்முடைய வேட்டி மடிப்பையும் கோட்டில் கொண்டுவரலாம் என்று அறிந்தேன். வன்னிப் போரின் கதையைப் பெஞ்சமின் டிக்ஸும் லின்ட்சி பொலொக்கும் 2019இல் சித்திரமாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். நம்மைப் பற்றிய பெரிய சித்திரக்கதை போரைச் சொல்லி வந்தது. அது வரத்தான் வேண்டும். ஆனால் கடல் கடந்து போய் வென்றதையும் நம் பிள்ளைகள் படமாகப் பார்க்க வேண்டாமா?

பங்குனி 16, ஞாயிறு

இன்று வெள்ளவத்தை. கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருக்கும் ஒரு பெரியவரிடம் தம்பியைக் கூட்டிப் போனேன். வல்வெட்டித்துறையில் பிறந்தவர், எண்பதைத் தாண்டிவிட்டார். தோணியில் சமையற்காரப் பொடியனாக ஏறி, பிறகு வெளிநாட்டுக் கப்பல்களில் ஓடி ஓய்ந்தவர். தாள்களை மடியில் வைத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் தாளிலேயே விரல் நின்றது.

"உந்தக் கயிறு எங்கை போய்க் கட்டுப்படுது தம்பி?"

"அது... சும்மா, மரத்திலேருந்து தொங்குற மாதிரி ஐயா."

"கப்பலிலை சும்மா தொங்கிற கயிறு எண்டு ஒண்டுமில்லை. ஒவ்வொண்டுக்கும் ஒரு வேலை, ஒரு கட்டு இருக்கு. உது எங்கை கட்டுப்படுது எண்டு தெரியாட்டில், இருட்டிலை உன்ரை ஆள் எதைப் பிடிச்சு இழுக்கிறது?"

அரை மணி நேரத்தில் எங்கள் கப்பலை அவிழ்த்துக் கட்டிவிட்டார். பிரிகன்ரைன் வகைக் கப்பலில் முன்மரத்துக்குக் குறுக்குப் பருமல்கள், அவற்றில் சதுரப் பாய்; பின்மரத்துக்கு நீளவாக்குப் பாய். நாங்கள் இரண்டு மரத்திலும் சதுரப் பாய் வரைந்திருந்தோம். பலகை இணைப்பில் பஞ்சைத் திணித்து அடைக்கும் கலப்பற்று வேலையைச் சொன்னார். கடலில் அது விட்டுக்கொடுத்தால் தண்ணீர் இறைத்தே ஆட்கள் களைத்துப்போவார்களாம். பிறகு சூயெஸ் பக்கம் வந்தது. தம்பி ஆசை ஆசையாக வரைந்த பக்கம் அது. இருபுறமும் பாலைவனம், நடுவில் எல்லாப் பாயும் விரித்த அன்னபூரணி.

"வடிவாயிருக்கு. ஆனால் பிழை. கால்வாய்க்குள்ளை பாய் விரிச்சு எங்கை போறது? காத்து ஒருக்காத் தள்ளினால் மணலிலை ஏறிப்போம். பாய்க்கப்பலை ரக் எண்ட இழுவைப் படகிலை கட்டித்தான் இழுப்பினம்."

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. பெரியவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். பத்திரிகைக் கட்டில் இருந்த சணல் கயிற்றை உருவி, கதிரைக் காலில் ஒரு முடிச்சுப் போட்டார். இழுத்தால் இறுகியது, நுனியை ஒரு விரலால் தட்டினால் அப்படியே கழன்றது. மறுபடி போட்டார். உள்ளங்கையில், சுண்டுவிரல் அடியிலிருந்து குறுக்கே ஓடிய தழும்பு விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. கயிறு ஓடிய தடம் அது. முடிச்சுப் போடும்போது அவர் கயிற்றைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி பேசாமல் பென்சிலை எடுத்து அந்தக் கைகளை மட்டும் மூன்று தாள் வரைந்தார்.

தண்டையலின் முகம் பற்றிக் கேட்டோம். ஊரில் பழைய படம் ஏதும் பார்த்ததுண்டா என்றேன். எங்களிடம் இருப்பவை படியிலிருந்து படியெடுத்துக் கறுத்துப்போனவை. கப்பல் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

"என்னட்டையே என்ரை படம் இல்லைப் பிள்ளை. கப்பல் புத்தகம், கலியாணப் படம், எல்லாம் எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்திலை இந்த ஒழுங்கையிலைதான் எரிஞ்சது."

தேநீர் ஆறிவிட்டது. திரும்பும் வழியில் இருவரும் பேசவில்லை.

வைகாசி 14, புதன்

தம்பி இன்று விடிய வந்து இறங்கினார். சித்திரா பௌர்ணமிக்கு வல்வெட்டித்துறையில் இந்திர விழா, முத்துமாரி அம்மன் தீர்த்தம். போய் இரண்டு நாள் நின்று முகம் பார்த்து வாருங்கள் என்று நான்தான் அனுப்பினேன். இரவு பஸ்ஸில் போய், இரவு பஸ்ஸில் வந்திருக்கிறார். குறிப்புப் புத்தகம் நிறைய முகங்கள். பந்தல் கட்டியவர்கள், வலை தைத்தவர்கள், தேநீர்க்கடை வாசலில் நின்ற இளைஞர்கள்.

எவருடைய முகத்தையும் அப்படியே எடுக்கப்போவதில்லை. ஒருவரின் புருவம், இன்னொருவரின் தாடை, வேறொருவர் தோளில் துவாய் போட்ட விதம். இரத்தினசாமியை மெலிந்த, நீண்ட கழுத்துக்காரராக வைத்தோம். சிதம்பரப்பிள்ளைக்குச் சற்றுக் கனத்த உடம்பு. தண்டையலின் கண்களை வெள்ளவத்தைப் பெரியவரிடமிருந்து எடுத்தோம்: எதிரில் இருப்பவரைத் தாண்டித் தொலைவைப் பார்க்கும் கண்கள். இவை எங்கள் ஊகம் என்று முன்னுரையில் தெளிவாக எழுதிவிட்டேன். வாசகரை ஏமாற்றக்கூடாது.

ஆனி 8, ஞாயிறு

இரண்டாவது வரைவைப் படித்தபோது மனம் ஒப்பவில்லை. 96 பக்கத்தில் 41 பக்கம் றொபின்சன். அவரைப் பற்றிய செய்தி கிடைக்கிறது, ஆகவே அவர் வளர்ந்துகொண்டே போகிறார். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் உலகைச் சுற்றியவர், அதைப் புத்தகமாக எழுதியவர், கலாபகசுத் தீவில் குடல்வால் நோயால் சாகக் கிடந்து அமெரிக்கக் கடற்படையால் மீட்கப்பட்டவர். தனி நாவலுக்குப் போதுமான வாழ்க்கை. கப்பலறிந்த அந்த மனிதர் உலகெல்லாம் பார்த்த பிறகு வல்வெட்டித்துறைக் கப்பலைத் தெரிந்தெடுத்தார் என்பதே கப்பல் கட்டிய எங்கள் மேத்திரிமாருக்குக் கிடைத்த பெரிய சான்று. அவரைக் கெட்டவராக வரைய எனக்கு விருப்பமில்லை. ஆனால் கதை ஐவருடையது. 41ஐ 14 ஆக்கினேன்.

பெயர்ச் சிக்கலும் இருந்தது. றொபின்சன் தன் மனைவியின் பெயரைக் கப்பலுக்கு வைத்தார்: புளோரன்ஸ் சி. றொபின்சன். ஆவணத்தில் அதுதான். ஐவரின் பேச்சில் மட்டும் கடைசிப் பக்கம் வரை 'அன்னபூரணி' என்றே வைத்தோம்.

கடைசிப் பக்கத்துக்குத் தம்பி தேடிக் கண்ட ஒன்று என்னைச் சிலிர்க்க வைத்தது. குளோஸ்டர் மீனவர் ஊர். கடலில் மாண்ட மீனவர்களுக்காக 1925இலேயே அங்கே துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு வெண்கலச் சிலை வைத்துவிட்டார்கள். மழையங்கி அணிந்த ஒரு மீனவர் சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக் குனிந்து நிற்கும் சிலை. ஆகவே 1938 ஆகஸ்டில் நம்முடைய கப்பல் போய்ச் சேர்ந்தபோது கரையில் ஒரு சுக்கான்காரர் நின்றுகொண்டிருந்தார். இடது பக்கம் வெண்கல மனிதர். வலது பக்கம் சுக்கானுடன் நம் தண்டையல். இடையில் தண்ணீர். சொல் ஒன்றுமில்லை. நான் எழுதி வைத்திருந்த நான்கு வரியையும் அடித்துவிட்டேன்.

ஆடி 20, ஞாயிறு

அச்சகம். 2022இல் மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்த நாடு இது; அதன்பின் தாள் விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. முழு வண்ணம் எங்களுக்குக் கட்டாது. கறுப்பும் நீலமும் மட்டும், 500 பிரதி. நீலத்தைக் கடலுக்கும் இரவுக்கும் வைத்தோம்.

நேற்று முதல் கட்டு வந்தது. பிரித்துப் பார்த்தேன். 48ஆம் பக்கத்துக்குப் பிறகு 65. பாரம் மாறிக் கோத்திருக்கிறார்கள். மத்தியதரைக் கடலை எட்டாத கப்பல் பெர்முடாவில் நிற்கிறது. எண்ணிப் பார்த்தால் 70 பிரதி அப்படி. அச்சகத்தாரிடம் சொன்னதற்கு, "படப் புத்தகம்தானே, பிள்ளைகள் கவனிக்காது" என்றார்கள். மனம் கொதித்தது. கயிறு எங்கே கட்டுப்படுகிறது என்று கேட்ட பெரியவரை நினைத்துக்கொண்டேன். 70ஐயும் பிரித்து மறுபடி கோக்கும் வரை வெளியே எடுப்பதில்லை என்று அங்கேயே உட்கார்ந்தேன். இரவு எட்டு மணிக்குச் சரி செய்து தந்தார்கள். பிள்ளைகள்தான் கவனிப்பார்கள்.

ஆவணி 3, ஞாயிறு

வெள்ளவத்தையில் வெளியீடு. மங்கல விளக்கு, வரவேற்புரை, நயவுரை, ஏற்புரை என்று நம் முறைப்படியே. முதற்பிரதியைப் பெரியவரிடம் கொடுத்தோம். மேடையிலேயே சூயெஸ் பக்கத்தைத் தேடிப் புரட்டினார். பாய்களைச் சுருட்டிக் கட்டி, இழுவைப் படகின் பின்னே மெல்லப் போகிறது அன்னபூரணி. தலையை ஆட்டினார். பிறகு 31ஆம் பக்கத்தில் நின்றுவிட்டார். அந்தப் பக்கம் முழுவதும் இரண்டு கைகளும் ஒரு முடிச்சும்தான். தன் கையை விரித்துப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

மண்டபம் நிறையவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் ஜிந்துப்பிட்டியிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் தம்பிக்காக வந்தவர்கள். 112 பிரதி விற்றது. கொட்டாஞ்சேனைப் பாடசாலைச் சிறுமி ஒருத்தி, "அடுத்தது யார் கதை மிஸ்?" என்று கேட்டாள். பாக்கு நீரிணையை 1954இல் நீந்திக் கடந்த நவரத்தினசாமி, 1971இல் போய்த் திரும்பியும் நீந்திய குமார் ஆனந்தன் இருவரையும் சொன்னேன். குறிப்புப் புத்தகத்தில் இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டாள்.

இப்போது இரவு. ஒட்டியிருந்த ஐந்து பெயரும் சுவரில் அப்படியே இருக்கின்றன. கழற்றவில்லை, ஏனென்றால் வேலை முடியவில்லை. கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இலண்டனிலோ, வல்வெட்டித்துறைக் குடும்பம் எதிலாவது பழைய பெட்டிக்குள் இந்த ஐவரில் ஒருவருடைய தெளிவான படம் இருந்தால் அதை எடுத்து எங்களுக்குக் காட்டுங்கள். இரண்டாம் பதிப்பில் அந்த முகத்தைத் திருத்தி வரைவோம்.