நெருப்பு எங்கள் தெருவில் மூட்டப்பட்ட இரவு

"இன்னுமா கோயிலுக்குப் போகிறீர்கள்?" தோழர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. கல்லறையிலும் சாதி பார்க்கிற, சேரிக்குள் தேரை விடாத ஒரு சபைக்குள் தலித்துகளான நாங்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்பது நியாயமான கேள்விதான். இந்தியக் கிறிஸ்தவர்களின் சாதிப் பற்றை அம்பேத்கரே விமர்சித்து எழுதியிருக்கிறார். 2008இல் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் தாக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். இதையெல்லாம் மூடி மறைத்துவிட்டு விசுவாசம் பற்றிப் பேச எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் 2020இன் ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் ஒரு வட மாவட்டத்தில் இருக்கிறது. பெரிய கோயில் ஊர்த்தெருவில். எங்கள் காலனியில் ஓடு போட்ட ஒரு சிற்றாலயம். ஈஸ்டருக்கு முந்தைய சனி இரவு கோயில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவார்கள். வாசலில் புது நெருப்பு மூட்டி, அதில் பாஸ்கா திரியைப் பற்றவைத்து, இருட்டுக்குள் சாமியார் ஏந்தி வருவார். பிறகு ஒருவர் மெழுகுவத்தியிலிருந்து அடுத்தவர் மெழுகுவத்திக்கு நெருப்பு போகும். ஊர்த்தெருக்காரர்கள் நடுவில் இருப்பார்கள், நாங்கள் பக்கவாட்டில். யாரும் எழுதிவைத்த விதி இல்லை. ஆனாலும் வெளிச்சம் எங்களிடம் கடைசியாகத்தான் வரும். சின்ன வயதில் அது எங்களுக்கு விளையாட்டு. எத்தனை எண்ணுவதற்குள் நம்மிடம் வரும் என்று பந்தயம் கட்டுவோம். சமூகவியல் முதுகலை படிக்கப் போன பிறகுதான், நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தது எதை என்று புரிந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரியில், திருவிழாவுக்கு முந்தைய பங்குக் கூட்டத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் எழுந்து, தேர் ஏன் காலனிக்கு வருவதில்லை என்று கேட்டான். மூன்றாம் நாள் சாயந்திரம் ஏரிக்கரையில் மறித்து அடித்தார்கள். அடித்தவர்களும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். வலது கை முறிந்தது. காவல் நிலையத்துக்கு நாங்கள்தான் கூட்டிப்போனோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதியச் சொன்னோம். ரைட்டர் சாதிச் சான்றிதழைப் பார்த்தார். 'கிறிஸ்தவ ஆதிதிராவிடர்' என்று இருந்தது. அப்படியென்றால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். சாதாரணப் பிரிவுகளில்தான் வழக்குப் போட முடியும் என்றார்.

படிக்கிற தம்பி தங்கைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி, பட்டியல் சாதி என்ற தகுதியை மதத்தோடு கட்டிப்போட்டது. 1956இல் சீக்கியர்களையும், 1990இல் பௌத்தர்களையும் உள்ளே சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியிலேயே நிற்கிறோம். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி 2007இல் அறிக்கை கொடுத்தது. நீக்கவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடி ஓர் ஆணையம் போட்டார்கள். ஏரிக்கரையில் மறித்தவர்களுக்கு எங்கள் பையனின் சாதி சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. சட்டத்துக்குத்தான் தெரியவில்லை.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வழக்கு நின்றது, கூலி வேலை நின்றது. நகராட்சியில் தூய்மைப் பணி செய்கிற எங்கள் தெருப் பெண்கள் பேருந்து இல்லாமல் விடியற்காலையில் நடந்தே போனார்கள். நாங்கள் அரிசி திரட்டினோம், கணக்கு எழுதினோம், சண்டை போட்டோம். எங்களில் சிலர் இனி அந்தக் கோயில் படியை மிதிப்பதில்லை என்று முடிவே எடுத்துவிட்டோம்.

ஏப்ரல் 11, புனித சனி. கோயில் பூட்டிக் கிடந்தது. இருட்டியதும், காலமான உபதேசியாரின் மனைவி, எழுபது வயது தாண்டிய எங்கள் ஆயா, தெரு நடுவில் தேங்காய் மட்டையையும் காய்ந்த குருத்தோலையையும் போட்டு நெருப்பு மூட்டினார். எல்லாரும் அவரவர் வாசலில் நின்றோம். கட்டுப் பிரித்து ஒரு வாரமே ஆகியிருந்த அந்தப் பையனைக் கூப்பிட்டு மெழுகுவத்தியைக் கொடுத்தார்.

"எனக்கு வேணாம் ஆயா. வேற யாருகிட்டயாவது குடு."

"வலது கை வரலன்னா இடது கையில புடிடா கண்ணு. கல்லறைக்குப் போன பொம்பளைங்க, கல்ல யாரு பொரட்டுவான்னு தெரிஞ்சா போனாங்க? தெரியாமத்தான் கெளம்புனாங்க. விடியறதுக்கு முன்னாடியே கெளம்புனாங்க."

அவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு வாங்கிக்கொண்டு கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்தான். அன்று யாரும் எண்ணவில்லை.

1981இல் பெங்களூரில் ஆற்றிய உரையில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்குத் தொடக்கம் குறித்ததையும், இயேசுவை ஒரு தலித்தாக அவர் பார்த்ததையும் நூலகத்தில் படித்திருந்தோம். மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புறப் பாட்டை வழிபாட்டுக்குள் கொண்டுவந்ததும் தெரியும். மதத்தை அபின் என்ற மார்க்ஸ், அதே பத்தியில் அதைத் துயரத்துக்கு எதிரான குரலாகவும் பார்த்தார் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். (வகுப்பில் அபினோடு நிறுத்திக்கொண்டார்கள், மீதியை நாங்களாகத்தான் படித்தோம்.) ஆயா இதில் எதையும் படித்தவரில்லை. அவருக்கு எழுத்தே தெரியாது. ஜெபித்தால் கல் தானாகப் புரளும் என்று அவர் அன்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் வீட்டுக்குள் போயிருப்போம்.

அடுத்த ஆண்டு ஜூலை 5 அன்று, திருச்சிப் பக்கத்திலிருந்து ஜார்க்கண்ட் போய் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமி, 84 வயதில், ஜாமீன் கிடைக்காமலே இறந்தார். சிறையில் தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சு குவளைக்காக நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டியிருந்த மனிதர். எங்கள் சிற்றாலயச் சுவரில் அவர் படத்தை மாட்டினோம். ஊர்த்தெருவில் யாரோ கேட்டார்களாம், அவர் என்ன புனிதரா என்று.

தேர் இன்னும் காலனிக்கு வரவில்லை. இப்போது ஒவ்வொரு புனித சனியும் பொழுது சாய்ந்ததும் முதலில் எங்கள் தெருவில் நெருப்பு மூட்டுகிறோம். பிறகுதான் பெரிய கோயிலுக்குப் போகிறோம். போனால் நடுவில் உட்காருகிறோம். முதல் வருடம் முறைத்தார்கள். சாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஆதரவாகவும்தான்.

வழக்கு நடக்கிறது. போன வாய்தாவுக்கு சாட்சி வரவில்லை. அடுத்த வாய்தாவுக்கு அவனோடு நாங்கள் ஏழு பேர் போகிறோம். ஆயாவும் வருகிறேன் என்கிறார். பேருந்தில் சன்னல் ஓரம் வேண்டுமாம்.